மறுக்கும் குழந்தையும் சட்டத்தின் பார்வையும்

ஒடிசாவின் டேங்கானல் மாவட்டத்தில் கண்டியோ கடேனி என்றொரு சிற்றூர். 2020ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த பதினைந்து வயதுத் தலித் சிறுமி ஒருத்தி, ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒன்றின் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துவிட்டாள். அதற்காக அவ்வூரின் நாற்பது தலித் குடும்பங்கள் ஊர்விலக்கம் செய்யப்பட்டன. அவர்களோடு யாரும் பேசக் கூடாது, வயல் வேலைக்கு அழைக்கக் கூடாது, கடையில் பொருள் தரக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

பூப்பறிப்பதும் மாங்காய் அடிப்பதும் வேலி தாண்டுவதும் எந்தக் குழந்தைப் பருவத்துக்கும் உரியவை. பிற்காலத்தில் எழுத்தாளராகவோ அமைச்சராகவோ ஆனவர்களின் தன்வரலாறுகளில் இத்தகைய குறும்புகளுக்குத் தனி அத்தியாயமே இருக்கும். ‘சிறுவயதிலேயே யாருக்கும் அடங்காதவர்’ என்பது அங்கே ஒரு பாராட்டுரை. தலித் குழந்தையின் குறும்புக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. அந்தச் சிறுமி செய்தது ஒரு சிறுமியின் செயலாகக் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஒரு சேரியே தன் எல்லையை மறந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. தண்டனையும் சேரி முழுமைக்கும் சேர்த்தே வந்தது.

வளரும் பருவத்தில் எதிர்த்துப் பேசுவதும் மறுப்பதும் இயல்பானவை என்பதை இன்று எந்த ஆசிரியர் பயிற்சிப் பாடநூலும் சொல்லும். சாதி அதை ஏற்பதில்லை. சட்டமோ இதில் விந்தையான ஓரிடத்தில் நிற்கிறது. தலித் குழந்தையின் மறுப்பை ஓர் உரிமையின் பயன்பாடாகவே அடையாளம் காணும் பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் நெடுநாளாக இருக்கின்றன. ஆயினும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அக்குழந்தை ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற ஒரே உருவில்தான் நுழைய முடிகிறது. அடி விழுந்த பிறகே அது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. அடி விழுவதற்கு முன் அது சொன்ன ‘மாட்டேன்’ என்ற சொல் யாருடைய பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்தச் சொல்லைச் சட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எழுதப்படாத பாடத்திட்டம்

சாதியின் விதிகளை எந்தக் குழந்தைக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. மீறும்போதுதான் விதி இருப்பதே தெரிகிறது. அண்ணல் அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை மீண்டும் படித்துப் பார்க்கலாம். வகுப்பில் தனித்து அமர வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத்துணியை மாலையில் தாமே சுருட்டி எடுத்துவர வேண்டும். பள்ளியின் கடைநிலை ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிட்டாலன்றித் தண்ணீர் குடிக்க முடியாது. இவையெல்லாம் அவருக்குப் பழகிப்போனவை. அவரை உலுக்கியது 1901ஆம் ஆண்டின் பயணம். ஒன்பது வயதுச் சிறுவனாக, உடன்பிறந்த பிள்ளைகளோடு, தந்தை பணிபுரிந்த கோரேகாவுக்குப் புறப்படுகிறார். புதுச்சட்டை, பளபளக்கும் குல்லாய், புதுக் காலணி எனப் பயணத்துக்கென்றே அலங்காரம். இரயில் நிலையத்தில் இறங்கியபோது அந்த உடையைக் கண்டு நிலைய அதிகாரி அன்போடு விசாரிக்கிறார். ‘மகர்’ என்று பிள்ளை உண்மையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. அன்றிரவு சுங்கச் சாவடியில் தண்ணீர் கேட்கும்போது, வண்டியில் உடன்வந்தவரின் யோசனைப்படி, தாங்கள் முஸ்லிம்கள் என்று பிள்ளை சொல்லிப் பார்க்கிறது. அப்போதும் தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்த நிகழ்வில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பிள்ளைகள் யாரையும் எதிர்க்கவில்லை. புதுத்துணி உடுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பாருங்கள். பொதுவிடத்தில் காலணி அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ மிதிவண்டி ஓட்டுவதையோ தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். அந்தப் பிள்ளைகள் காலணி அணிந்த பயணத்துக்கும் இந்தச் சொற்கள் சட்டத்தில் ஏறியதற்கும் இடையே நூற்றுப் பதினைந்து ஆண்டுகள். புத்தாடை என்ற சொல்லை ஒரு தண்டனைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்ததே, நம் நாட்டில் ஒரு குழந்தையின் மிகச் சாதாரணமான ஆசையும் மீறலாக எண்ணப்படுகிறது என்பதற்குச் சான்று.

எல்லாக் குழந்தைகளும் எதிர்த்தவர்கள் அல்லர். இரட்டைமலை சீனிவாசன் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடன் படித்தவர்களோடு அவர் விளையாடியதில்லை. பள்ளி மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்துவிட்டுப் பிறகுதான் வகுப்புக்குள் போவார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நின்றவரின் பள்ளிப் பருவம் இப்படி ஒதுங்கியே கழிந்தது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. மறைந்திருந்தாவது படிப்பேன் என்பதும் அன்றைக்கு ஒரு மறுப்புதான்.

வெளிப்படையாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1855இல் புனேயில், புலே இணையரின் பள்ளியில் பயின்ற பதினான்கு வயதுச் சிறுமி முக்தாபாய் சால்வே, மாங், மகர் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளியானது. வேதம் பிராமணர்களுக்கு மட்டுமே உரியதென்றால் வேதமற்ற எங்களுக்கு மதமும் இல்லை என்றுதானே பொருள், எங்கள் மதம் எதுவென்று கடவுளே சொல்லட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு வழக்கறிஞராக இதை வாசிக்கும்போது எனக்கு வியப்பளிப்பது அதன் தர்க்க ஒழுங்கு. எதிராளியின் கூற்றை அப்படியே ஒப்புக்கொண்டு, அதன் விளைவை அவருக்கு எதிராகத் திருப்பும் முறை அது. குறுக்கு விசாரணையில் பல ஆண்டு பயிற்சிக்குப் பிறகே எங்களில் பலருக்கு அது கைவருகிறது.

நமக்கு நெருக்கமான சான்று பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வெளிவந்த அந்நூலில், தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தை அதன் சரட்டைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைப் பார்த்துச் சிறுமி சிரிக்கிறாள். அண்ணன் விளக்கம் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த வடைகளை ஓடிப்போய்த் தொட்டுவிட வேண்டும் என்ற ஆத்திரம் எழுகிறது. அதே நூலில் பள்ளித் தென்னையின் காய் ஒன்று விழுந்ததற்காக, காலையில் எல்லா மாணவர் முன்னிலையிலும் திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்டு அவர் வெளியே நிறுத்தப்படுகிறார். தலைமையாசிரியர் அவர் செயலைச் சாதியோடு சேர்த்தே பேசுகிறார். மீண்டும் வகுப்புக்குள் செல்லப் பாதிரியாரிடம் கடிதம் வாங்கிவர வேண்டியிருந்தது. அங்கும் அதே சந்தேகம்தான். வேறொரு பிள்ளைக்கு ‘இனி ஏறாதே’ என்ற அதட்டலோடு முடிந்திருக்கும் விஷயம் அது.

பெற்றோரின் கணக்கு

இங்கே பெற்றோரைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. ‘வம்புக்குப் போகாதே’, ‘எதிர்த்துப் பேசாதே’, ‘அவர்கள் சொன்னால் செய்துவிட்டு வந்துவிடு’ என்று சொல்லி வளர்க்காத தலித் வீடு அரிது. முற்போக்கு மேடைகளில் இதை அடிமைப் புத்தி என்று கண்டிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கண்டனத்தை நான் ஏற்பதில்லை. அந்தத் தாய் ஒரு கணக்குப் போடுகிறார். பிள்ளை திருப்பிப் பேசினால் வயல் வேலை போகும். கடன் கொடுத்தவர் நாளையே கேட்பார். இரவில் வீட்டு ஓட்டின் மீது கல் விழும். கண்டியோ கடேனியில் ஒரு பூவுக்கு நாற்பது குடும்பங்கள் விலை கொடுத்தன. கணக்கு தவறென்று யார் சொல்வது? தவறு கணக்கில் இல்லை; அந்த விலையை விதிப்பவர்களிடம் இருக்கிறது. குழந்தையின் துணிச்சலைப் போற்றிவிட்டு விலையைக் குடும்பத்தின் தலையில் விடும் போராட்ட அரசியலிடம் எனக்கு எப்போதும் சற்று ஐயமுண்டு.

கணக்கை மீறிய ஒரு தந்தையை ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டம் பர்லா கிராமத்தில், படிக்க வந்த சிறுவனின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளியையும் மைதானத்தையும் பெருக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். நாட்கணக்கில் அது தொடர்கிறது. தற்செயலாக அவ்வழியே வந்த தந்தை மகனின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி வீசிவிட்டு ஆசிரியரை உரத்த குரலில் கேட்கிறார். இந்தப் பகுதியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதன் பிற்பகுதியை யாரும் நினைவுகூர்வதில்லை. பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட மகனை மீண்டும் சேர்ப்பதற்கு அந்தத் தந்தை ஊரின் ஆதிக்கச் சாதிப் பெரியவர்களின் வாசல்களில் ஏறி இறங்கி, கடைசியில் ஊர்த்தலைவரின் தலையீட்டை நாட வேண்டியிருந்தது. அன்றைக்கு அரசமைப்பின் 17ஆம் உறுப்பு நடைமுறையில் இருந்தது. ஆனால் ஊர்த்தலைவரின் சொல்லுக்கு இருந்த வலிமை அதற்கு இல்லை.

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. பள்ளியில் சீண்டலை எதிர்த்துப் புகார் சொன்ன சிறுமியின் படிப்பை நிறுத்திவிட்டு மணமுடித்துக் கொடுப்பதே பாதுகாப்பு என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு. சாதி கடந்து நேசிக்கும் இளம்பருவத்தினர் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. குழந்தைகளைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பெண்ணின் வீட்டாரால் தலித் இளைஞன்மீது ஏவப்படும் ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

புத்தகத்தில் உறங்கும் பிரிவுகள்

1955இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு இந்தப் பழைய சட்டத்தை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள். தண்டனை குறைவு, அபராதம் அதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 1976இல் அதில் சேர்க்கப்பட்ட இரண்டு பிரிவுகள் நம் பொருளுக்கு நேராகப் பொருந்துகின்றன.

முதலாவது பிரிவு 7ஏ. தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரைக் கழிவகற்றவோ பெருக்கவோ செத்த விலங்கை அப்புறப்படுத்தவோ கட்டாயப்படுத்துவது தீண்டாமையை நடைமுறைப்படுத்தும் குற்றமாகவே கொள்ளப்படும். பர்லாவில் துடைப்பத்தைப் பிடுங்கி வீசிய தந்தை செய்தது என்ன என்பதற்குச் சட்டம் காலம் கடந்து கண்டெடுத்த பெயர் இது. இன்றும் பள்ளிக் கழிவறையைத் தூய்மை செய்யக் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகள் மட்டும் அனுப்பப்படும் செய்திகள் வருகின்றன. நிர்வாகம் உடனே ‘எல்லா மாணவர்களும் முறைவைத்துச் செய்கிறார்கள், இது தொண்டுப் பயிற்சி’ என்று விளக்கம் தரும். எல்லோரும் செய்கிறார்கள் என்றால் முறைப்பட்டியல் இருக்க வேண்டும். அதைக் கேட்டாலே பல விளக்கங்கள் கலைந்துவிடும். மேலும் அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் எனில் அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு உரியது.

இரண்டாவது, என் கணிப்பில் இச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி, பிரிவு 7(1ஏ). தீண்டாமை ஒழிப்பால் ஒருவருக்குக் கிடைத்த உரிமையை அவர் பயன்படுத்தியதற்குப் பழிவாங்கும் விதமாக அவருடைய உடலுக்கோ உடைமைக்கோ எதிராக ஒரு குற்றம் இழைக்கப்பட்டால், அந்தக் குற்றம் இரண்டாண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரியதாக இருக்கும்போது, குறைந்தது இரண்டாண்டுச் சிறை விதிக்க வேண்டும் என்கிறது அது. இதில் கவனிக்க வேண்டியது தண்டனையின் அளவை அன்று. இப்பிரிவு கதையை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் ஏதோவொன்றைச் செய்தார். அது அவருடைய உரிமை. அதற்குத்தான் இந்த அடி. அடிக்கு முன்பு நின்ற மனிதரை இப்பிரிவு பார்க்கிறது. அந்த மனிதர் பதின்மூன்று வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வயது வரம்பு எதுவும் அதில் இல்லை.

தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமை என்பதைக் குறுக்கிப் பொருள் கொள்ளவும் தேவையில்லை. பொது ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்ததைப் பற்றிய அப்பா பாலு இங்களே வழக்கில் 1992இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 17ஆம் உறுப்பின் நோக்கம் மாண்பும் சமத்துவமும் கொண்ட வாழ்வே என்று விரிவாகப் பேசியது. அந்த அளவுகோலில், வகுப்புத் தோழனின் பையைச் சுமக்க மறுப்பதும் ‘நீ போய் வாங்கி வா’ என்ற ஏவலுக்கு இணங்காததும் உரிமையின் பயன்பாடுகளே.

பிறகு ஏன் இப்பிரிவுகள் குற்றப்பத்திரிகைகளில் தென்படுவதில்லை? வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே போதுமே என்பது காவல்துறையின் வழக்கமான பதில். போதாது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. சாதி இழிவுரைக்கான 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய பிரிவுகள், பேச்சு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. வெளியாள் யாருமற்ற நான்கு சுவர்களுக்குள் சொல்லப்பட்டது அதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பள்ளியில் மிக மோசமான சொற்கள் பேசப்படும் இடமோ பெரும்பாலும் கதவு சாத்திய தலைமையாசிரியர் அறை. அங்கே உடனிருந்தவர் யார், கதவருகே நின்றவர் யார் என்பதைப் புகாரில் எழுதத் தவறினால் வழக்கின் ஒரு கால் முறிந்துவிடும். மறுப்பையும் அதற்கான பழிவாங்கலையும் மையமாக வைத்து எழுதப்பட்ட புகார் அந்த ஒற்றைச் சொல்லை மட்டுமே நம்பி நிற்க வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. இதைத் தாண்டிச் செல்லப் பள்ளிகள் கண்டுபிடித்திருக்கும் வழி எளிமையானது: பெற்றோரை அழைத்து, ‘வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பையனுக்கும் நல்லது’ என்று சொல்லி, அவர்கள் கையாலேயே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொள்வது. காகிதத்தில் அது வெளியேற்றம் ஆகாது. பெற்றோரின் விருப்பம் ஆகிவிடும்.

குழந்தையின் குரலைக் கேட்க வேண்டும் என்பது நம் நாட்டின் பன்னாட்டுக் கடமையும்கூட. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. தலித் குழந்தை ‘மாட்டேன்’ என்று சொல்லும்போது அது தன் கருத்தைத்தான் சொல்கிறது.

கீழ்ப்படிந்த பிள்ளைகள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் இரவில் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். பிடிக்கப்பட்டவர்கள் சிறுவர்கள், அவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தனர். அதற்கு முன்பு அந்த மாணவர் தமக்கு நேர்ந்த தொல்லைகளைப் பள்ளியில் முறையிட்டிருந்தார். (சிறார்களின் அடையாளத்தை வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது; அன்று பல ஊடகங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.)

அந்த நாட்களில் ஊடகங்களில் திரும்பத் திரும்ப ஒலித்த கேள்வி, ‘நம் பிள்ளைகள் ஏன் இப்படிக் கட்டுப்பாடின்றிப் போய்விட்டார்கள்?’ என்பது. கேள்வியே தலைகீழானது. அரிவாள் எடுத்த சிறுவர்கள் கட்டுப்பாட்டை மீறியவர்கள் அல்லர், மிகக் கட்டுப்பாடானவர்கள். தம் சாதி எதை எதிர்பார்த்ததோ அதைச் செய்தார்கள். கையில் கட்டிய வண்ணக் கயிறு முதல் திருவிழாப் பதாகை வரை, ஊர்ப் பெரியவர்கள் சொல்லாமல் சொல்லிக் கொடுத்த பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தார்கள். அந்தச் சம்பவத்தில் சமூகத்தின் எதிர்பார்ப்பை மீறிய பிள்ளை ஒருவர்தான். பொறுத்துப் போகாமல் புகார் சொன்னவர். அவர் பின்னர் மருத்துவச் சிகிச்சைக்கு நடுவிலும் படித்துப் பொதுத்தேர்வில் தேறினார்.

வண்ணக் கயிறு புதிய செய்தியன்று. 2019இலேயே அதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்ககம் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும், தமக்குத் தெரியாமல் அது அனுப்பப்பட்டதாக அன்றைய கல்வி அமைச்சரே சொல்லிக் கைகழுவினார். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி உள்ளிட்ட சாதி அடையாளங்களைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குவது எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. நெற்றிக் குறி பற்றிய வரியை மட்டும் பிடித்துக்கொண்டு சிலர் விவாதத்தை மதத்தின் பக்கம் திருப்பினார்கள். அடையாளங்களை அகற்றுவது தேவைதான். ஆனால் கயிறு கட்டியவனின் கையைப் பார்ப்பதோடு, கயிறு கட்டியவன் சொன்ன வேலையைச் செய்ய மறுத்தவனுக்கு அடுத்த நாள் என்ன ஆனது என்று பார்க்கும் ஏற்பாடும் வேண்டும். அதற்கு நம் பள்ளிகளில் பதிவேடே கிடையாது.

தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப்போன தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் பண்டம் தர மறுத்தார். அந்தக் காணொளியில் குழந்தைகள் ‘கட்டுப்பாடு என்றால் என்ன?’ என்ற திகைப்போடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. அரிதாகவே கையிலெடுக்கப்படும் பிரிவு அது. பொதுவாக இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு ஊரைவிட்டுப் போவது பாதிக்கப்பட்ட குடும்பமாகத்தான் இருக்கும். இங்கே போக வேண்டியவர்கள் யார் என்பதைச் சட்டம் ஒருமுறையாவது சரியாகச் சொன்னது.

புகார் எங்கிருந்து தொடங்க வேண்டும்

என்னிடம் வரும் பெற்றோர் கொண்டுவரும் புகார் நகல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கும்: ‘மேற்படி நாளில், மேற்படி இடத்தில், மேற்படி நபர்கள் என் மகனை அடித்தார்கள்.’ காவல் நிலைய எழுத்தர் சொல்லச் சொல்ல எழுதியதாக இருக்கும். இப்படித் தொடங்கும் புகார் இரண்டே வாரத்தில் ‘மாணவர்களுக்கிடையே வாய்த்தகராறு’ ஆகிவிடுகிறது. மறுதரப்பிலிருந்து ஓர் எதிர்ப்புகார் வாங்கப்படும். பிறகு இரு தரப்பும் படிக்கிற பிள்ளைகள், எதிர்காலம் பாழாகும் என்று சமாதானம் பேசப்படும். இருதரப்பு என்ற சொல் வந்தவுடன் மறுத்தவனும் அடித்தவனும் சமமாகிவிடுகிறார்கள்.

ஆகவே புகார் அடியிலிருந்து தொடங்கக் கூடாது. முதல் ஏவல் என்றைக்கு வந்தது, என்ன செய்யச் சொன்னார்கள், வேறு யாரிடமும் அதைச் சொன்னார்களா, பிள்ளை என்ன பதில் சொன்னது, அதை எந்த ஆசிரியரிடம் தெரிவித்தது, அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை சொன்ன சொற்களை அது சொன்ன பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள். ‘என் மகன் மேற்படி செயலுக்கு உடன்படாத காரணத்தால்’ என்று அதைச் செம்மைப்படுத்த வேண்டாம். ‘நான் எதுக்கு உன் தட்டக் கழுவணும்னு கேட்டேன்’ என்ற வாக்கியம் பிரிவு 7(1ஏ)வுக்குத் தேவையான அடித்தளத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.

எழுத்தறியாத பெற்றோர் வாய்மொழியாகச் சொல்வதை எழுதி, கையொப்பம் வாங்குமுன் படித்துக்காட்டி, பதிவுசெய்து, நகல் தருவது வரை அனைத்தும் அதிகாரியின் கடமை; வேண்டுமென்றே தவறினால் அதுவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை எதுவும் தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்ட சாட்சியையும், எந்த வயதுப் பெண்ணையும் விசாரணைக்கென நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அதிகாரிதான் வர வேண்டும். அந்த வருகையின்போது எதிர்த்தரப்பு ஊர்ப் பெரியவர் யாரும் ‘துணைக்கு’ உடன் வரவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிணை விசாரணை உள்ளிட்ட ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்லும் உரிமை 15ஏ பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. குழந்தை என்பதால் அந்த உரிமை பெற்றோருக்கு மாறிவிடுவதில்லை. குழந்தை தானே பேச விரும்பினால் பேசலாம்.

எதிர்த்தரப்பில் நிற்பவர்களும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களாயின் வழக்கு இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். அங்கே நம் ஆட்கள் பலரும் ஆர்வம் இழந்துவிடுகிறார்கள், பெரிய தண்டனை கிடைக்காது என்று. நான் அப்படி நினைப்பதில்லை. அந்தச் சிறுவனை யார் ஏவினார்கள், கயிற்றை யார் கட்டிவிட்டார்கள், ஆயுதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே தயாராகும் சமூகப் பின்புல அறிக்கையில் இடமுண்டு. அதில் ‘நண்பர்களிடையே மனத்தாங்கல்’ என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிரச்சினைக்குப் பிறகு பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதே நல்லது என்று குடும்பம் முடிவெடுத்தால் அது அவர்கள் உரிமை. யாரும் அவர்களைத் தியாகத்துக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நடந்ததைத் தேதியோடு இரண்டு வரியில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே ‘நன்று’ என்பதற்குக் குறைவாக ஏதேனும் இருந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் வழக்குக் கட்டில் சேர்த்து வையுங்கள்.